தூதராக்கப்படும் புலவர்

பண்டைய அரபுக் குலமொன்றில் புலவன் ஒருவன் தோன்றினால் அண்டைக் குலத்தார் திரண்டு வந்து வாழ்த்துவர், விருந்து சமைக்கப்படும், பெண்கள் இசைத்துக் கொண்டாடுவர். இப்னு ரஷீக் தமது 'அல்உம்தா'வில் இதனைப் பதிவு செய்துள்ளார். பிறர் முன்னிலையில் குலத்தின் மானம் காப்பவன் புலவன் என்பதே அம்மகிழ்ச்சிக்குக் காரணம். எனவே ஒரு நாடு தன் புலவரைக் கொண்டு உலகில் நற்பெயர் தேடுவது புதுமையுமன்று, இழுக்குமன்று. ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. அந்தக் குலப் புலவன் உயிரோடிருந்தான். குலம் தவறியபோது இடித்துரைக்கவும் அவனால் இயன்றது. இன்றைய அரசுகள் தெரிந்தெடுக்கும் புலவர்களோ பெரும்பாலும் மறைந்தவர்கள். மறுத்துரைக்க அவர்களுக்கு வாயில்லை.

அல்லாமா இக்பால் 1938-இல் மறைந்தார். பாகிஸ்தான் 1947-இல் பிறந்தது. தாம் கண்டிராத நாட்டுக்கு அவர் தேசியக் கவிஞரானார். தாகூரைத் தன் முகமாக உலகெங்கும் முன்னிறுத்துகிறது இந்தியா. அவரோ 1916-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தேசியவாதத்தையே கண்டித்து உரையாற்றியவர்.

இப்போது வள்ளுவரின் முறை. உலகெங்கும் திருவள்ளுவர் பண்பாட்டு மையங்கள் அமைப்பதாகப் பாரதிய ஜனதா கட்சி 2024 தேர்தல் அறிக்கையில் வாக்களித்தது. அவ்வாண்டு செப்டம்பரில், முதல் மையம் சிங்கப்பூரில் அமையுமெனப் பிரதமர் மோடி அறிவித்தார். 2025 ஜனவரியில், இந்திய உதவியால் எழுந்த யாழ்ப்பாணப் பண்பாட்டு மையத்துக்கு வள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. பெயரிலிருந்து 'யாழ்ப்பாணம்' மறைந்தது கண்டு தமிழரிடையே எதிர்ப்பு எழவே, ஊர்ப்பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டது. வள்ளுவரை வேண்டாமென்று அங்கு எவரும் சொல்லவில்லை. ஆனால் தம் ஊரை அழித்துவிட்டு அவரைத் தருவதை அவர்கள் ஏற்கவில்லை. புலவரைப் பரிசளிப்போர் கருதிப் பார்க்கவேண்டிய பாடம் இது.

நமக்குள்ள கவலை இன்னும் ஆழமானது. வேணுகோபால் சர்மா வரைந்த, சமயச் சின்னமேதுமற்ற வெண்ணிற ஆடை வள்ளுவரின் படத்தை 1964-இல் தமிழகச் சட்டமன்றத்தில் திறந்துவைத்தவர், அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் ஜாகிர் உசேன். அந்த வெண்மை எல்லாச் சமயத்தாரும் அவரைத் தமதென்று உரிமை கொள்வதற்கு இடமளித்தது. 2019 நவம்பரிலோ பாரதிய ஜனதாவின் தமிழகப் பிரிவு அவருக்குக் காவி உடுத்திப் படம் வெளியிட்டது. உலகுக்குக் காட்டும்போது அவர் உலகப் பொதுமறை தந்தவர். உள்நாட்டிலோ ஒரு சாரார்க்கு மட்டுமே உரியவர். இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும்?

நெசவை நம்பி வாழும் இளம்பிள்ளையில் இக்கேள்விக்கு விடை எளிது. வள்ளுவரையே நெசவாளர் என்று சொல்லும் வழக்குமுண்டு. மாதிரிக்குக் காட்டிய சேலை ஒன்று, கட்டுப் பிரித்தால் வேறொன்று என்றால் வியாபாரி மறுமுறை வரமாட்டார். நாடுகளின் நற்பெயரும் அத்தகையதே. நடுவுநிலைமைக்கும் செங்கோன்மைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தவரைத் தூதராக அனுப்பும் அரசு, தன் குடிமக்களிடையே பிறப்பும் சமயமும் பார்த்து வேற்றுமை காட்டுமானால், தான் அனுப்பிய தூதரே தனக்கு எதிர்ச்சாட்சி ஆவார்.

இவ்விதி ஒரு கட்சிக்கு மட்டுமன்று. 2000-இல் குமரிமுனையில் 133 அடி உயரச் சிலை நிறுவிய தமிழக அரசுக்கும் இது பொருந்தும். சிலையின் உயரம் ஆட்சியின் உயரமாகிவிடாது.

அங்ஙனமாயின் புலவரை வெளியே கொண்டு செல்லவே கூடாதா? செல்லட்டும், நூலாகச் செல்லட்டும். சென்னைப் பல்கலைக்கழக அரபித் துறையில் பணியாற்றிய யூசுப் கோகன் குறளை அரபியாக்கினார். பின்னாளில் அதே துறையைச் சார்ந்த ஜாகிர் உசேனும் அப்பணியைச் செய்தார். 2023-இல் பப்புவா நியூகினியில் டோக் பிசின் மொழிபெயர்ப்பைப் பிரதமர் மோடி வெளியிட்டதையும் நாம் மனமுவந்து பாராட்டுகிறோம். கட்டடத்தில் வள்ளுவரின் பெயர் மட்டுமே இருக்கும். மொழிபெயர்ப்பில் அவர் பேசுவார். அயல்மொழி வாசகன் அவரைப் படித்துவிட்டு, அவரை அனுப்பிய நாட்டைத் திரும்பிப் பார்ப்பான். அப்பார்வைக்கு அஞ்சாத நாடே புலவரைத் தூதனுப்பும் தகுதியுடையது. மறைந்த புலவர் மறுத்துப் பேச இயலாத இடத்தில் அவர் சொல்லை அரசுக்கு நினைவூட்டுவது, அவரைப் படித்த நம் ஒவ்வொருவரின் கடமை.