தட்டில் வளரும் சிறுநீரகம்

மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் "மருந்தடிக்கப் போறேன்" என்றால் களைக்கொல்லி தெளிக்கும் வேலை. முதுகில் பம்ப், முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. மலேசியத் தோட்டங்களில் நெடுங்காலம் அடித்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். 2002இல் அரசு அதற்குத் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, முழுத் தடை வர 2020 ஜனவரி ஆனது. இந்த நஞ்சு பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும். வெளியேறும்போது அதையே கெடுத்துவிடும்.

இத்தகைய நஞ்சையும் புது மருந்தையும் எலிக்குக் கொடுக்காமல் மனிதத் திசுவிலேயே சோதிக்கலாம் என்பதுதான் ஆய்வகச் சிறுநீரகத்தின் கவர்ச்சி. 2015இல் ஆஸ்திரேலியாவில் மினோரு தகசாத்தோவும் மெலிசா லிட்டிலும் குருத்தணுவிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டு என்ற குட்டிச் சிறுநீரகத் திசுவில் வடிகட்டிகளும் நுண்குழாய்களும் உருவாகியிருந்தன. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தைச் சேர்த்ததும், நோயாளிகளிடம் அடிபடும் அதே குழாய்ப் பகுதி அணுக்கள் மடிந்தன. சாதாரண வெற்றியல்ல.

சிக்கல் வாசலில் இருக்கிறது. சிஸ்பிளாட்டின், பாராகுவாட் இரண்டையும் குழாய் அணுவுக்குள் இழுப்பது ஓசிடி2 என்ற கடத்திப் புரதம். ஆர்கனாய்டோ இன்னும் கருக்குழந்தையின் பக்குவத்தில் நிற்கிறது. கடத்திகள் குறைவு, இரத்த ஓட்டமும் இல்லை. ஆகவே "கெடுக்கிறது" என்று அது காட்டினால் பெரும்பாலும் நம்பலாம். "கெடுக்கவில்லை" என்றால், நஞ்சு உள்ளே போனதா என்பதே முதல் கேள்வி. போதாக்குறைக்கு, 2018இல் பெஞ்சமின் ஹம்ப்ரீஸ் குழு ஆராய்ந்தபோது 10 முதல் 20 விழுக்காடு அணுக்கள் சிறுநீரகத்தைச் சேர்ந்தவையே அல்ல என்று தெரிந்தது.

பக்கத்துச் சிங்கப்பூரில் டேனியலே சிங்க் குழு 2015இல் எளிய வழியில் போனது. குருத்தணுவிலிருந்து எட்டே நாளில் குழாய் அணுக்களை மட்டும் வளர்த்து, 30 வேதிப்பொருள்களைச் சோதித்து, முடிவைக் கணினிக் கற்றலிடம் விட்டது. துல்லியம் 87 விழுக்காடு. குட்டிச் சிறுநீரகம் என்று படம் போட்டு மகிழ இதில் ஒன்றுமில்லை. முதல் சல்லடைக்கு இதுவே மேல்.

தோட்டத்து உண்மையோ இரண்டிலும் அகப்படாது. 2019 தேசிய ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். பல ஆண்டுகள் மருந்தடித்து, இனிப்புநீரோடு மூட்டுவலி மாத்திரையும் விழுங்கிய சிறுநீரகத்துக்கு, சில வாரமே வாழும் திசுவில் சில நாள் நடக்கும் சோதனை எப்படி ஈடாகும்?

புது மருந்துகளுக்கு 1938 முதல் இருந்த விலங்குச் சோதனைக் கட்டாயத்தை அமெரிக்கா 2022 டிசம்பரில் நீக்கிவிட்டது. இனி ஆர்கனாய்டு முடிவுகளோடு நிறுவனங்கள் மலேசியாவுக்கும் வரக்கூடும். ஓசிடி2 எவ்வளவு இருந்தது, எத்தனை நாள் மருந்து கொடுத்தார்கள், அணுக்கள் யாருடையவை என்ற மூன்றையும் விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்வது அதிகாரிகளுக்குப் பெரிய செலவில்லை.