இலுப்பை வெண்ணெயின் அருமை

வன்னியில் எண்ணெயாக நிற்கும் இலுப்பை, மலையேறினால் வெண்ணெயாகிவிடும். 1,891 மீட்டர் உயரத்தில், இலங்கையிலேயே மிக உயரமான ரயில் நிலையம் இருக்கிற பட்டிப்பொலயில் அது போத்தலுக்குள் உறைந்தே கிடக்கும். இலுப்பையின் அருமை அந்தக் குளிரில்தான் தெரியும் என்பது என் கட்சி.

நல்ல இலுப்பை வெண்ணெய்க்கு இளமஞ்சள் நிறம், அதில் லேசான பச்சை. நகத்தால் கிள்ளினால் மணல்மணலாக உதிரும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்த மாத்திரத்தில் அந்த மணல் கரைந்து காணாமல் போகும். அதில் பெரும்பங்கு ஒலியிக் அமிலம். அதனால் தோலில் இழுபடாமல் பரவும். கூடவே இருக்கும் பால்மிட்டிக்கும் ஸ்டியரிக்கும் மேலே படலமாக நின்று ஈரத்தைக் காக்கும். பனியில் நனைந்த கொழுந்தைப் பறித்துப் பறித்துக் காய்ந்துபோன விரல்களுக்கும் பித்தவெடிப்புக் குதிகாலுக்கும் வேண்டியது இந்தப் பரவலும் காப்பும்தான். வெந்நீரில் கழுவி, ஈரம் முழுதும் உலருமுன் பூசவேண்டும்.

கொக்கோ வெண்ணெய்தான் உசத்தி என்பவர்கள் உண்டு. மாத்தளைப் பக்கம் விளையும் கொக்கோவின் வாசனையை நானும் ரசிப்பவன். ஆனால் அது உருக 34 பாகை வெப்பம் வேண்டும். குளிர்ந்த விரலில் கட்டியாகவே உருளும். கோகம் வெண்ணெய் அதைவிடக் கெட்டி. ஆப்பிரிக்காவின் ஷியா வெண்ணெயைக் குறை சொல்லமாட்டேன், அது இலுப்பையின் குடும்பத்துச் சொந்தம். அந்தச் சொந்தத்துக்கு இவ்வளவு விலை கொடுப்பவர்கள், நம் குளக்கரையில் உதிரும் இலுப்பங்கொட்டையைப் பொறுக்க ஆளில்லாமல் விடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது கடைக்கு வருவதில் பலதும் வெளுத்து, மணம் நீக்கி, ரோசா வாசனை ஏற்றியவை. இலுப்பையின் கசப்பு மணம் பலருக்குப் பிடிக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுத்திகரிக்கும்போது மணத்தோடு நிறமும், தோலுக்கு உதவும் நுண்பொருட்களில் ஒரு பங்கும் போய்விடும். செக்கில் ஆட்டி, வடிகட்டி, அப்படியே விட்டதற்கு ஈடு இல்லை. அந்தச் செக்குகளும் குறைந்துவிட்டன.

வடக்கிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ யாராவது மலைக்கு வந்தால், செக்கில் ஆட்டிய இலுப்பெண்ணெய் ஒரு போத்தல் கொண்டுவரச் சொல்லுங்கள். மணம் கூடாதென்றால் இரவில் மட்டும் பூசுங்கள்.