தாமஸ் ஃபிராங்க் பார்க்காத வாக்குச்சீட்டு

ஏழைகள் ஏன் தங்கள் நலனுக்கு எதிராகவே ஓட்டுப் போடுகிறார்கள்? 2004இல் வெளிவந்த ‘வாட்ஸ் தி மேட்டர் வித் கான்சாஸ்?’ நூலில் தாமஸ் ஃபிராங்க் கேட்பது இதைத்தான். கருக்கலைப்பு, பரிணாமக் கொள்கை என்று பண்பாட்டுக் கோபத்தைக் கிளறி குடியரசுக் கட்சி ஓட்டை வாங்குகிறது, ஜெயித்ததும் பணக்காரர்களின் வரியைக் குறைக்கிறது என்பது அவர் பதில். ஃபிராங்க் அங்கே வளர்ந்தவர். அவருடைய கிண்டலில் சொந்த ஊர்க்காரனின் வலி இருக்கிறது, அதனால்தான் புத்தகம் இன்னும் படிக்க முடிகிறது.

ஆனா அந்தக் கேள்விக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: வாக்காளருக்கு நலன் என்பது ஒன்றே ஒன்று, அது என்னவென்று எழுத்தாளருக்குத் தெரியும். கான்சாஸின் அரசுப் பள்ளிகள் இதைக் கலைத்துப் போட்டன.

2012இல் ஆளுநர் சாம் பிரவுன்பேக் வருமான வரியை வெட்டினார். சிறுதொழில் வருமானம் பலவற்றுக்கு மாநில வரியே இல்லை என்றானது. கஜானா காய்ந்தது. 2015இல் பள்ளி நிதிக்கான சூத்திரத்தையே தூக்கிவிட்டு, தொகையை இரண்டு வருடத்துக்கு உறைய வைத்தார்கள். அந்த மே மாதம் சில பள்ளி மாவட்டங்கள் காசில்லாமல் முன்னதாகவே விடுமுறை விட்டன. 2014 தேர்தலிலேயே பள்ளி நிதி பெரிய பேச்சாக இருந்தும் பிரவுன்பேக் ஜெயித்திருந்தார். பட்ஜெட்டில் இருக்கும் வெட்டு வேற, வீட்டில் மே மாதமே உட்கார்ந்திருக்கும் பிள்ளை வேற.

2016 ஆகஸ்டில் குடியரசுக் கட்சிக்குள்ளேயே நடந்த வேட்பாளர் தேர்தலில் பிரவுன்பேக்கின் ஆட்கள் பலர் மிதவாதிகளிடம் தோற்றார்கள். நவம்பரில் டிரம்ப் அங்கே சுமார் 20 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். அதே வாக்குச்சீட்டில் இன்னொரு கேள்வியும் இருந்தது. பள்ளிகளுக்குப் போதிய நிதி தரவில்லை என்று அரசைத் துரத்திக்கொண்டிருந்த மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் நீடிக்கலாமா? எதிர்த்தவர்கள் மரண தண்டனையையும் கருக்கலைப்பையும் பிடித்துக்கொண்டு பிரச்சாரம் செய்தார்கள், அதாவது ஃபிராங்க் சொன்ன அதே ஆயுதம். குறிவைக்கப்பட்ட நால்வரும் 55 சதவீதத்தை ஒட்டிய ஆதரவோடு நீடித்தார்கள். டிரம்புக்கு 56க்கு மேல். இரண்டையும் கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. இரண்டுக்கும் ஓட்டுப் போட்டவர்கள் இருந்தே ஆகவேண்டும். ஏமாந்தவர்கள் என்று இவர்களை எப்படிச் சொல்வது?

2017இல் சட்டமன்றம் ஆளுநரின் வீட்டோவை மீறி வரிவெட்டைத் திரும்பப் பெற்றது. 2018இல் பள்ளியைப் பேசியே ஜனநாயகக் கட்சியின் லாரா கெல்லி ஆளுநரானார், 2022இலும் ஜெயித்தார். இடையில் 2020இல் டிரம்ப் அங்கே மறுபடி வென்றிருந்தார்.

ஃபிராங்க் மிதவாதிகளைக் கவனிக்காதவர் அல்ல. வசதியான புறநகர்க்காரர்கள், காலம் முடிந்தவர்கள் என்று அவர்களை வரைந்தார். பள்ளி அவர்களுக்கு உயிர் கொடுக்கும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. சிறு ஊரில் பள்ளி மூடினால் ஊரே மெல்லக் காலியாகும். அங்கே பண்பாடு, பொருளாதாரம் என்று கோடு கிழிக்க முடியாது.

இதை வாக்காளரின் வெற்றிக்கதையாக்கி முடிப்பதும் ஃபிராங்க் செய்த தவறின் மறுபக்கம்தான். 2010இல் தொடங்கிய கேனன் வழக்கைக் கொண்டுபோனவை விச்சிடா, ஹட்சின்சன், டாட்ஜ் சிட்டி, கான்சாஸ் சிட்டி பள்ளி மாவட்டங்கள். டாட்ஜ் சிட்டியில் இறைச்சி ஆலைகளை நம்பி வந்த குடியேறிகளின் பிள்ளைகள் ஏராளம். குடியுரிமை இல்லாத பெற்றோருக்கு ஓட்டு இல்லை, அந்தப் பிள்ளைகளுக்கும் இல்லை. அவர்களுக்குப் பணம் வந்தது, கல்விக்கு ‘தகுந்த’ நிதி ஒதுக்கு என்கிற ஒரு வரி மாநில அரசியலமைப்பில் இருந்ததால், அதை நீதிமன்றம் விடாமல் பிடித்திருந்ததால். வாக்காளர்கள் செய்தது அந்தப் பிடியை உடைக்க மறுத்தது. அது சின்ன விஷயமில்லை, ஆனா அவ்வளவுதான்.

நீதிபதிகளைத் தேர்தல் மூலமே தேர்ந்தெடுக்கலாமா என்ற திருத்தத்தை 2026 ஆகஸ்ட் வாக்கெடுப்புக்கு அனுப்ப 2025இல் சட்டமன்றம் முடிவெடுத்தது. தன் நலனுக்கு எதிராக ஓட்டுப் போடுகிறவரைப் பற்றி ஒரு புத்தகம் வந்துவிட்டது. ஓட்டே இல்லாதவரின் நலனுக்காக மற்றவர் எதுவரை ஓட்டுப் போடுவார் என்பதைப் பற்றித்தான் இனி ஒன்று எழுதப்பட வேண்டும்.