மூச்சுப் பயிற்சியும் ஒன்பதரை மணி மீட்டிங்கும்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஐ.டி. கம்பெனியில் டீம் லீடாக இருந்தேன். கம்பெனி பெயர் இங்கே அவசியமில்லை. என் டீமில் ஒரு பையன், நன்றாக வேலை செய்கிறவன், திடீரென்று தப்பு மேல் தப்பு பண்ண ஆரம்பித்தான். கூப்பிட்டுப் பேசினேன். தூக்கமே வருவதில்லை என்றான். தினமும் இரவு ஒன்பதரைக்கு அமெரிக்க கிளையண்ட்டோடு மீட்டிங். அவர்களுக்கு அப்போது காலை பத்து மணி. அது முடிந்து படுக்கும்போது பன்னிரண்டு ஆகும். காலையில் எட்டு மணிக்கு கம்பெனி பஸ். "வாரத்துல ரெண்டு நாளாவது வேற யாராவது அட்டெண்ட் பண்ணட்டும்ணா, இல்லன்னா கொஞ்சம் சீக்கிரம் வைக்க முடியுமான்னு கேளுங்கண்ணா" என்றான்.

கிளையண்ட் டைமை நாம் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன். கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை, கேட்காமலே சொன்னேன். அந்த மாதம் ஹெச்.ஆரில் 'ரெசிலியன்ஸ்' பயிற்சி ஒன்று போட்டிருந்தார்கள். மன அழுத்தத்தைத் தாங்குவது எப்படி, மூச்சுப் பயிற்சி, மைண்ட்ஃபுல்னெஸ் எல்லாம் உண்டு. அவன் பெயரை அதில் சேர்த்துவிட்டேன். ஏதோ உதவி செய்துவிட்ட திருப்தி எனக்கு. பயிற்சி முடிந்து வந்தவனிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "மூச்சு விடச் சொல்லித்தர்றாங்கண்ணா. நான் மூச்சு விட நேரம்தான் கேட்டேன்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், நானும் சிரித்தேன். மூன்று மாதத்தில் பேப்பர் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

இந்தக் கதையை இப்போது சொல்லக் காரணம், சமீபத்தில் நான் படித்த ஓர் ஆய்வுக் கட்டுரை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஃப்ளெமிங் எழுதியது, 2024-ல் 'இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ் ஜர்னல்' இதழில் வந்தது. பிரிட்டனில் 233 நிறுவனங்களில் வேலை செய்யும் 46,336 பேரிடம் எடுத்த சர்வே விவரங்களை வைத்து அவர் கேட்ட கேள்வி எளிமையானது. ரெசிலியன்ஸ் பயிற்சி, மைண்ட்ஃபுல்னெஸ், தூக்கத்துக்கான ஆப், நேர மேலாண்மை வகுப்பு என்று நிறுவனங்கள் தருகிற விஷயங்களில் கலந்துகொண்டவர்கள், அதே நிறுவனத்தில் கலந்துகொள்ளாதவர்களைவிட மனதளவில் நன்றாக இருக்கிறார்களா?

இல்லை என்பதுதான் பதில். கிட்டத்தட்ட எந்தப் பயிற்சியிலும் வித்தியாசம் தெரியவில்லை. தன்னார்வத் தொண்டு வேலைக்கு வாய்ப்பு கொடுப்பது ஒன்றில் மட்டும் சின்னதாக ஒரு நல்ல விளைவு தெரிந்தது. ரெசிலியன்ஸ் பயிற்சிக்குப் போனவர்கள் ஒரு படி கீழே இருந்ததுபோலக்கூடத் தெரிகிறது. ஆகவே ஆளை மாற்றுவதை விட்டுவிட்டு வேலையை மாற்றுங்கள் என்று முடிக்கிறார் ஃப்ளெமிங்.

படித்ததும் எனக்கு 'அப்பவே சொன்னேன்ல' என்று கத்த வேண்டும்போல இருந்தது. உண்மையில் அப்போது நான் சொல்லவில்லை, அந்தப் பையன்தான் சொன்னான். அதனாலேயே இந்தக் கட்டுரையை இரண்டாம் முறை சந்தேகத்தோடு படித்தேன். நமக்குப் பிடித்த முடிவைச் சொல்லும் ஆய்வைத்தான் அதிகம் சோதிக்க வேண்டும்.

முதல் பிரச்சினை, இது ஒரே சமயத்தில் எடுத்த போட்டோ மாதிரியான சர்வே. பயிற்சிக்கு முன் எப்படி இருந்தார்கள், பின் எப்படி ஆனார்கள் என்று அதே ஆட்களைத் தொடர்ந்து பார்க்கவில்லை. ஏற்கெனவே நொந்துபோனவர்கள்தான் ரெசிலியன்ஸ் வகுப்புக்குப் போகிறார்கள் என்றால், போனவர்கள் சோர்வாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கு வெளியில் இருப்பவர்களைவிடக் காய்ச்சல் அதிகம், அதற்காக ஆஸ்பத்திரியால்தான் காய்ச்சல் வந்தது என்று சொல்ல மாட்டோம்.

ஆனால் இந்தச் சாய்வு எதிர்ப்பக்கமும் போகலாம். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஓர் உடல்நலத் திட்டத்தைச் சோதித்தார்கள். திட்டத்தால் மருத்துவச் செலவு குறையவில்லை. அதோடு இன்னொன்றும் தெரிந்தது: விரும்பிச் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே மருத்துவச் செலவு குறைவாக இருந்தவர்கள். குலுக்கல் இல்லாமல் வெறுமனே சேர்ந்தவர், சேராதவர் என்று ஒப்பிட்டிருந்தால் திட்டம் பிரமாதம் என்று தோன்றியிருக்கும். அது உடல்நலம், இது மனநலம், அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை ஃப்ளெமிங்கின் சர்வேயை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது என்பதே என் வாதம்.

இரண்டாவது, 'கலந்துகொண்டேன்' என்ற ஒரு டிக் மார்க். எட்டு வாரம் ஒழுங்காகப் போனவரும், லஞ்ச் டைமில் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தவரும் அதில் ஒன்றுதான். பயிற்சியே வீணா, அல்லது பயிற்சி என்ற பெயரில் நடப்பதுதான் வீணா என்பது இதில் தெரியாது.

மூன்றாவதுதான் முக்கியம். வேலையை மாற்றுங்கள் என்பது அவருடைய முடிவுரை. அவர் தரவில் வேலையை மாற்றிப் பார்த்த சோதனை எதுவும் கிடையாது. ஒரு கதவு திறக்கவில்லை என்று காட்டிவிட்டு, அதனால் அடுத்த கதவு திறக்கும் என்கிறார். ஹெச்.ஆர். ஆள் ஒருவர் இதைப் படித்துவிட்டு, 'சரி சார், ரெசிலியன்ஸ் வேலைக்கு ஆகலை, நீங்க சொல்றது மட்டும் ஆகும்னு என்ன ஆதாரம்?' என்று கேட்டால் இந்தக் கட்டுரையில் பதில் இல்லை.

பதில் வேறு இடத்தில் இருக்கிறது. வேலையில் சுமை அதிகமாக இருப்பது மட்டும் ஆளை உடைப்பதில்லை, சுமை அதிகமாகவும் அதன்மேல் தனக்குப் பிடிமானம் குறைவாகவும் இருப்பதுதான் உடைக்கிறது என்று ராபர்ட் கராசெக் 1979-லேயே எழுதினார். அதைக் குலுக்கல் முறையில் சோதித்தவர்கள் ஃபிலிஸ் மோயன், எரின் கெல்லி குழுவினர். ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் ஐ.டி. பிரிவில் சில டீம்களுக்கு மட்டும் 'ஸ்டார்' என்ற திட்டத்தைக் கொடுத்தார்கள். எப்போது, எங்கிருந்து வேலை செய்வது என்பதை ஊழியர்களே தீர்மானிக்கலாம். எந்த மீட்டிங் உண்மையில் தேவை என்று டீமே உட்கார்ந்து பேசும். மேனேஜர்களுக்கு, ஊழியர்களுக்கு வீடு என்று ஒன்று இருப்பதை மதிக்கப் பயிற்சி.

867 பேரைப் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து பார்த்ததில் பர்ன்அவுட் குறைந்தது, மன அழுத்தம் குறைந்தது, வேலைத் திருப்தி கூடியது. ஆனால் ஒரு நிபந்தனை. ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணையப்போகிறது என்ற அறிவிப்பு வந்தது. அறிவிப்புக்கு முன்னால் ஆய்வில் சேர்ந்தவர்களிடம்தான் இந்த நல்ல விளைவு. அறிவிப்புக்குப் பின் சேர்ந்தவர்களிடம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வேலை இருக்குமா போகுமா என்ற பயம் வந்துவிட்டால், மீட்டிங்கை மாற்றி வைப்பதும் எடுபடாது போலிருக்கிறது. இணைப்புக்குப் பிறகு வந்த நிர்வாகம் திட்டத்தையே நிறுத்திவிட்டது.

கெல்லியும் மோயனும் இதைப் பற்றி 2020-ல் 'ஓவர்லோட்' என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். அதில் அமெரிக்க ஊழியர்களின் புலம்பல்களில் ஒன்று, இந்தியாவில் இருக்கும் டீமோடு பேசுவதற்காக நேரங்கெட்ட நேரத்தில் போனில் உட்கார வேண்டியிருக்கிறது என்பது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த போனின் இந்தப் பக்கம் நாம்தானே இருந்தோம்? இந்தப் பக்கத்து ஆட்களை வைத்து அப்படி ஒரு சோதனை நடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அந்த ஆய்வில் எனக்கு உள்ள குறை அதுதான்.

வேலையை மாற்றுவது என்றால் ஏதோ பெரிய புரட்சி என்று நினைக்க வேண்டாம். 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. ஜவுளிக்கடை, நகைக்கடை மாதிரி இடங்களில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெண்களுக்கு 'கால்வலியைத் தாங்குவது எப்படி' என்று வகுப்பு எடுக்கவில்லை, ஸ்டூல் போடச் சொன்னார்கள். எத்தனை கடையில் போட்டார்கள், எத்தனை கடையில் உட்கார விடுகிறார்கள் என்பது வேறு கேள்வி. பிரச்சினை காலில் இல்லை, கடையில் இருக்கிறது என்று ஒரு சட்டம் ஒத்துக்கொண்டதே, அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

இதற்காகத் தனிமனித உதவியே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மனச்சோர்வு நோயாக முற்றிய ஒருவருக்கு டாக்டர் வேண்டும், சிகிச்சை வேண்டும், லீவு வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு யாரும் கூப்பிட்டுப் பேசலாம், இலவசம். அது சிகிச்சைக்கான வழி. என் கோபமெல்லாம், வேலையில் இருக்கிற கோளாறை ஊழியரின் மனசுக்குள் தள்ளிவிட்டு, அதற்கு ஒரு சர்டிஃபிகேட்டும் கொடுக்கிற வழக்கத்தின் மேல்தான்.

உங்கள் ஆபீஸில் அடுத்த முறை இப்படி ஒரு பயிற்சிக்கு மெயில் வந்தால் தாராளமாகப் போங்கள், கெடுதல் ஒன்றுமில்லை. கூடவே ஒரு கேள்வியையும் கேட்டு வையுங்கள்: இந்தப் பயிற்சி முடிந்த பிறகு எங்கள் வேலையில் எது மாறும்? நீங்கள் டீம் லீடாக இருந்தால் அந்தக் கேள்வி உங்களுக்கும்தான்.

அந்தப் பையன் போய் ஐந்து மாதம் கழித்து, கிளையண்ட் பக்கம் புது மேனேஜர் ஒருவர் வந்தார். முதல் வாரமே அவரிடமிருந்து ஒரு மெயில்: உங்களுக்கு இரவு ரொம்ப நேரமாகிறதே, நான் காலை எட்டு மணிக்கே வந்துவிடுகிறேன், மீட்டிங்கை முன்னால் வைத்துக்கொள்ளலாமா? நான் 'ஓகே' என்று பதில் போட்டேன். ஒன்பதரை மீட்டிங் ஏழரைக்கு வந்துவிட்டது. மொத்தம் இரண்டு மெயில்.

இதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை. இந்தப் பதிவைப் படித்தால் தெரிந்துகொள்வான்.