சாக்காடும் சேக்கிழார் சொல்லாட்சியும்

மக்கள் இறக்கும் வகை பல. மூத்து அடங்குவாரும், நோயால் மெலிந்து மாய்வாரும், படை, பாம்பு, நீர், நெருப்பு என்றிவற்றால் திடுமென மடிவாரும் உளர். இவற்றுள் இறுதியிற் கூறியதனைத் துர்மரணம் என வகுத்து, அதனை உற்றார்க்கு நற்கதி இல்லை என்பாரும் உளர். இழவுற்றார் துயரை இருமடங்காக்குவது இக்கூற்று. 2020, 2021-ஆம் ஆண்டுகளிற் கொரோனா நோயால் இறந்தார் பலர்க்கு இறுதிக்கடனும் முறைப்படி செய்தற்கு இயலாது போயிற்று. அதனால் இவ்வச்சம் இன்றும் சில இல்லங்களில் ஆறாப் புண்ணாய் நிற்கின்றது. ஆதலின், திருத்தொண்டர் புராணம் இதுபற்றி உணர்த்துவது யாது என ஈண்டு ஆராய்வாம்.

திருக்கோவலூரிலிருந்து அரசுபுரிந்த மெய்ப்பொருள் நாயனார், பகைவனாகிய முத்தநாதன் சிவவேடம் புனைந்து, சுவடிக் கவளிகையுட் படை மறைத்து வந்து செய்த வஞ்சத்தால் உயிர்நீத்தவர். உலகவழக்கின்படி இது துர்மரணமே. ஆயின் சேக்கிழார் அவ்விடத்துக் குத்தினான் என்றோ கொன்றான் என்றோ கூறினாரல்லர். தான் முன்னர் எண்ணியதனையே அவன் செய்தான் என்னும் அளவில் நிறுத்தி, அவ்வேடத்தைத் தொழுத நாயனார்க்கே வெற்றியை உரிமையாக்கினார். ஏனாதிநாதர் புராணத்தும் இம்முறையே காண்க. அதிசூரன் நெற்றியில் நீறு கண்டு போரொழிந்தும், படையில்லாதாரைக் கொன்ற பழி அவனுக்கு வாராதபடி வாளும் பலகையும் ஏந்தி நின்றார் அந்நாயனார். ஆண்டும் அவன் தன் கருத்தை முடித்தான் என்பதே ஆசிரியர் கூற்று.

இஃது அமங்கலச் சொல்லை விலக்கும் மரபேயன்றிப் பிறிதில்லை எனின், அற்றன்று. மூத்த திருநாவுக்கரசும் பூம்பாவையாரும் பாம்பு தீண்டி இறந்தமையை அவர் வெளிப்படையாகவே உரைத்தார். ஏனாதிநாதர் புராணத்துப் போர்க்களத்தில் வீரர் வெட்டுண்டு வீழ்தலையும் விரித்தோதினார். சாவைக் கூறக் கூசாத புலவர், இவ்விரண்டிடத்து மட்டும் கொலைச்சொல்லை அடக்கினமைக்குக் காரணம் வேண்டும். அடியார் முடிவு பகைவன் செயலால் அளக்கப்படுவதன்று என்பதே அக்காரணம் என்க.

கொடிய சாவு தீவினைப்பயன் அன்றோ எனின், சாக்காடு உள்ளிட்டன கருவிலேயே அமைந்தன எனச் சிவஞான சித்தியார் கூறுதலின், வினைப்பயன் என்பது உண்மையே. ஆயின் பிராரத்தம் உடலொடு நுகர்ந்து கழிவது. நுகர்ந்து கழிந்த ஒன்று மேல்வரும் கதியைத் தடுக்கும் எனல் யாங்ஙனம் பொருந்தும்? புகலூரில் முதிர்ந்த வாழ்வின் முடிவில் இறைவனை அடைந்த அப்பர் பெருமானும், நல்லூர்ப்பெருமணத்து இளம்பருவத்தே சோதியுட் புக்க சம்பந்தப் பிள்ளையாரும், வஞ்சகன் கையால் வீழ்ந்த மெய்ப்பொருளாரும் சேர்ந்த இடம் ஒன்றே.

வீழ்ந்தபின் மெய்ப்பொருளார் செய்தது இன்னும் நினையத்தக்கது. வெகுண்ட தத்தனைத் தடுத்து, அவ்வஞ்சகனை ஊறின்றிப் போக்கி வருமாறு பணித்தார். அவன் மீண்டு வந்து கூறுங்காறும் உயிர்தாங்கியிருந்தார். பின்னர்ச் சுற்றத்தாரை நோக்கித் திருநீற்றன்பைக் காக்குமாறு கூறி, இறைவன் திருவடியை நினைந்தார். இத்துணை அவகாசம் எல்லார்க்கும் வாயாது. நினைவிழந்தும் தனித்தும் இறப்பார் பலர். எனினும், வாழ்நாளெல்லாம் வளர்ந்த அன்பு இறுதிக் கணத்தின் கொடுமையால் இல்லையாதல் எங்ஙனம்? நாம் மறந்த காலத்தும் இறைவன் மறவான் அன்றோ?

ஆகலின், துக்கம் வினவச் செல்லும் அன்பர்கள் இறந்தவர் எவ்வாறு இறந்தார் என்பதை விடுத்து, எவ்வாறு அன்பு செய்து வாழ்ந்தார் என்பதை எடுத்துரைப்பாராக. சேக்கிழார் காட்டிய நெறி அதுவே.