மாகாணி ஒரு கூட்டல் கணக்கு

திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு நெசவாளர் வீடு. அந்த வீட்டு ஐந்தாம் வகுப்புப் பெண் நோட்டில் 1/2 + 1/4 = 2/6 என்று எழுதியிருந்தாள். மேலே இருப்பதை மேலே, கீழே இருப்பதைக் கீழே கூட்டியாச்சு. தறியில் இருந்த அம்மா எட்டிப் பார்த்து, "ஏண்டி, அரையும் காலும் முக்கால்தானே? கடையில வாங்கறப்ப மட்டும் தெரியுதில்ல?" என்றார். பெண் தயங்கவே இல்லை: "அது கடை. இது கணக்கு."

அந்தப் பதில்தான் இந்தக் குறிப்புக்குக் காரணம்.

தமிழ்ப் பின்னப் பெயர்களின் நீண்ட பட்டியல் ஒன்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. முந்திரி, இம்மி என்று போய்த் தேர்த்துகளில் முடியும். 'உலகில் வேறு யாரிடம் உண்டு?' என்று கீழே ஒரு வரி. பெருமைப்படலாம், தப்பில்லை. ஆனால் அதை மனப்பாடம் செய்தால் 2/6 திருந்தாது. பட்டியல் பெயரைச் சொல்கிறது, பெயருக்குள் இருக்கும் கணக்கைச் சொல்வதில்லை.

பெயரைப் பிரித்துப் பாருங்கள். அரைக்கால் என்பது காலில் அரை: 1/2 × 1/4 = 1/8. அது பெருக்கல். மாகாணி என்பது மாவும் காணியும்: 1/20 + 1/80 = 1/16. அது கூட்டல். 'காலே அரைக்கால்' என்றால் 3/8. அந்த ஏகாரம்தான் கூட்டல் குறி.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. முந்திரி 1/320. நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால். சில்லறை மாற்றுகிற மாதிரிதான். மா 16 முந்திரி, காணி 4 முந்திரி. சேர்த்தால் 20, அதாவது மாகாணி. பகுதியைச் சமமாக்குவது என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். இதே கணக்கைக் குறுக்குப் பெருக்கலில் போட்டால் 100/1600 வரும். சுருக்கினால் சரியான விடைதான். ஆனால் எதை எதோடு கூட்டினோம் என்பது குழந்தைக்குத் தெரியாமலே போய்விடும்.

திண்ணைப் பள்ளி எண்சுவடியின் மனப்பாடத்தை வெறும் கிளிப்பேச்சு என்று தள்ளக் கூடாது, அது ஒரு கற்கும் முறை என்கிறார் ஆய்வாளர் செந்தில் பாபு (அவருடைய ஆங்கில நூல் 2022இல் வந்தது). எனக்குப் பாதி உடன்பாடு. மீதிப் பாதி ஏன் இல்லை? மூன்றில் ஒரு பங்கைக் கேளுங்கள். 320ஐ மூன்றால் வகுத்தால் 106 போக 2 மிச்சம். முந்திரிக் குடும்பத்தில் 1/3க்கு இடமே இல்லை. வாய்ப்பாடு நின்றுபோகும் இடம் இது.

இங்கே பொது விதி வேண்டும். அதைச் சொன்னவர்களில் ஒருவர் மகாவீராச்சாரியர். சமணர், 9ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தவர். அவருடைய கணிதசாரசங்கிரகத்தில் பின்னங்களைக் கூட்ட 'நிருத்தம்' என்ற ஒன்று வருகிறது. நம் மீ.சி.ம.தான் அது. ரங்காச்சாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912இல் சென்னையில் அச்சானது. ஜினகாஞ்சி என்று பெயர் பெற்ற இந்த ஊரில் உட்கார்ந்து அதைப் படிப்பது எனக்குத் தனி சந்தோஷம்.

ஆக, வரிசை முக்கியம். முதலில் வாயில் இருக்கும் அரை, கால், அரைக்கால். அது பழகியபின் மூன்றும் ஐந்தும். விதி கடைசியில். நம் பயிற்சித் தாள்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. விதியைக் கொடுத்துவிட்டு இருபது கணக்கு போடச் சொல்கின்றன.

அந்தப் பெண்ணிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "2/6 அரையை விடப் பெரிசா, சின்னதா?" யோசித்தாள். "சின்னது." "அரையோட கால் சேர்த்தா குறையுமா?" சிரித்துவிட்டு அழித்தாள்.

பிறகு 1/3 + 1/4. ஒரு காகிதத்தை நீளவாக்கில் மூன்றாக, குறுக்கே நாலாக மடித்தோம். 12 கட்டம். எண்ணுவதற்கு முன்னாலேயே சொன்னாள்: "காலும் காலும் அரை. 1/3 காலை விடப் பெரிசு. அப்போ அரைக்கு மேல வரும்." எண்ணினாள்: 7/12.

கடையும் கணக்கும் ஒன்றுதான் என்று நான் சொல்லவேண்டி வரவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது மாகாணி, அரைக்கால் சொல்லி அளந்தது நினைவிருந்தால் எழுதுங்கள்.