தொடரும் திருவிழாவும்: சித்தூர் எல்லைப்புறத்தில் பாரதச் சுவைஞர்

முன்னுரை

தொலைக்காட்சித் தொடர் ஒன்றின்மீது மக்கள் கொள்ளும் பற்று இலக்கியத் திறனாய்வில் மிகுதியாகப் பேசப்படுவதில்லை. பேசப்படும் இடங்களிலும் அது மயக்கம் என்றோ மூடபக்தி என்றோ விரைந்து தீர்ப்பளிக்கப்படுகிறது. தூர்தர்ஷனில் 1988 முதல் 1990 வரை ஒளிபரப்பான 'மகாபாரத்' தொடரைக் கண்டவர்களைப் பற்றியும் இத்தகைய தீர்ப்பே நிலவுகிறது. ஆந்திர மாநிலச் சித்தூர் மாவட்டத்தின் பங்காருபாளையம் உள்ளிட்ட எல்லைப்புற ஊர்களை மனத்திற்கொண்டு நோக்கின் இத்தீர்ப்பு பொருந்தாமை விளங்கும். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வட்டாரத்தில் பாரதக் கதையை நாள்தோறும் தொடர்ந்து கேட்பதும், அதன் பொருட்டு ஊர் கூடுவதும் தொலைக்காட்சிக்கு நெடுங்காலம் முற்பட்ட வழக்கங்களாகும். தொடரின் சுவைஞரையும் விழாவின் சுவைஞரையும் ஒருங்குவைத்து ஒப்பிட்டு, சுவைஞரின் பற்று எத்தகையது என்பதையும், அப்பற்று கூடுவதற்கு ஒரு களம் இருப்பதும் இல்லாதிருப்பதும் எத்தகைய வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவைஞர் கூடுகை: மேலைநாட்டுச் சான்று

தொலைக்காட்சிச் சுவைஞர் மாநாடு என்றவுடன் ஆய்வாளர் முதலில் சுட்டுவது அமெரிக்காவின் 'ஸ்டார் டிரெக்' தொடரையே ஆகும். 1966 முதல் 1969 வரை 79 பகுதிகளாக ஒளிபரப்பான இத்தொடர் இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்தப்படும் நிலையில் இருந்தது. சுவைஞர் கடிதங்கள் எழுதிக் குவித்து மூன்றாம் ஆண்டையும் பெற்றனர். தொடர் முடிந்த பின்னர், 1972 சனவரியில் நியூயார்க்கில் கூட்டப்பட்ட மாநாட்டிற்கு அமைப்பாளர் எதிர்பார்த்த சில நூற்றுவருக்கு மாறாக மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் வந்தனர். கதைமாந்தரைப் போல உடையணிதல், நடிகரைக் காணுதல், கதையின் நுட்பங்களை விவாதித்தல் ஆகியன இத்தகைய கூடுகைகளின் கூறுகளாக நிலைபெற்றன.

இவர்களைப் பற்றி ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் வெளியிட்ட நூல் சுவைஞராய்வில் ஒரு திருப்பமாக அமைந்தது. சுவைஞர் கொடுத்ததை அவ்வாறே விழுங்குபவர் அல்லர். எடுத்து, மாற்றி, தமக்கெனப் புதுக்கிக்கொள்பவர் என்பது அந்நூலின் சாரமாகும். ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அமெரிக்கச் சுவைஞர் தம் வீட்டில் தனித்திருந்து கண்டவர். கூடுவதற்கான களம் அவர்களுக்கு வழிவழியாகக் கிடைக்கவில்லை. அதனை அவர்களே அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சித்தூர் எல்லைப்புறத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. இங்குக் களம் முன்னரே இருந்தது. தொலைக்காட்சியே பின்னர் வந்தது.

பாரதம் கேட்கும் மரபு

தொண்டைமண்டலத்தில் பாரதத்தைக் கூடிக் கேட்கும் வழக்கம் பழமையானது. ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்த பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. பிற்காலத்தில் வில்லிபுத்தூரார் பாரதம் தமிழ்ப் பிரசங்கங்களுக்கும், நன்னயர், திக்கனர், எர்ரனர் ஆகிய மூவர் இயற்றிய ஆந்திர மகாபாரதம் தெலுங்கு மரபிற்கும் அடிப்படையாயின. சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாக்கப்பட்டபோது வட ஆர்க்காட்டின் பகுதிகள் அதனுள் வந்தன. 1960இல் திருத்தணிப் பகுதி தமிழகத்துடன் இணைந்தது. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறிய போதிலும் திரௌபதியம்மன், தருமராசர் கோயில்களின் பாரத விழா எல்லையின் இருபுறமும் தொடர்ந்து நிகழ்ந்து வருகிறது.

விழாவின் அமைப்பு தொடர்கதையின் அமைப்பே ஆகும். பல இடங்களில் பதினெட்டு நாள் என வகுக்கப்படும் விழாவில், பகலில் பாரதப் பிரசங்கம் அல்லது அரிகதை நிகழும். இரவில் அப்பகுதி கூத்தாகவோ நாடகமாகவோ ஆடப்படும். வில்வளைப்பு, துகிலுரிதல், அருச்சுனன் தபசு, கிருட்டிணன் தூது, அபிமன்யு வதம், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் எனக் கதை நாளுக்கு நாள் வளரும். அடுத்த நாள் நிகழப்போவதை அறியாதவர் அவையில் அரியர். ஆயினும் மக்கள் மறுநாளும் வருகின்றனர். கதை முடிவை அறியும் ஆவல் இவர்களை ஈர்க்கவில்லை என்பது தெளிவு. அறிந்த கதையினுள் மீண்டும் ஒருமுறை இருக்க வேண்டும் என்னும் விருப்பமே இவர்களை ஈர்க்கிறது. சுவைஞர்ப் பற்று என்பதன் உயிர்நிலை இதுவே எனலாம்.

ஞாயிற்றுக்கிழமைப் பாரதம்

ராமானந்த சாகரின் 'ராமாயண்' 1987 சனவரி 25 முதல் 1988 சூலை 31 வரை 78 பகுதிகளாகவும், பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' 1988 அக்டோபர் 2 முதல் 1990 சூன் 24 வரை 94 பகுதிகளாகவும் ஞாயிறு காலைகளில் ஒளிபரப்பாயின. நீராடிவிட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்தல், பெட்டிக்கு மாலையிடுதல், ஊதுவத்தி ஏற்றுதல் ஆகியவற்றைப் பல ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். இச்செயல்களே மூடபக்திக்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவன.

கூத்தறிந்த சமூகத்திற்கு இவை புதியன அல்ல. துகிலுரிதல் ஆடப்படும் இரவில் கற்பூரம் ஏற்றி வழிபடுதலும், துச்சாதன வேடம் பூண்டவர் அம்மனிடம் பொறுத்தருள வேண்டுதலும் கூத்தாய்வாளரால் குறிக்கப்பட்டுள்ளன. நடிகர் நடிகரே என்பதை அவையினர் நன்கறிவர். வேடம் பூண்டவர் பலவேளைகளில் உள்ளூரிலோ அண்டையூரிலோ வாழும் உழவராகவோ தொழிலாளராகவோ இருப்பார். அறிந்தும் வணங்குதல் என்பது அறியாமையினின்று வேறானது. மாலையிட்டவர் கண்ணாடிப் பெட்டியைத் தெய்வம் என மயங்கினார் எனக் கொள்வதைக் காட்டிலும், கூத்துக்களத்தில் பயின்ற முறைமையை வீட்டிற்குள் கொணர்ந்தார் எனக் கொள்வதே இவ்வட்டாரத்திற்குப் பொருந்தும்.

மொழியும் ஈண்டு எண்ணத்தக்கது. தொடர் இந்தியில் அமைந்தது. இந்தி அறியாத தமிழரும் தெலுங்கரும் அதனைத் தொடர்ந்து கண்டனர். கதையும் மாந்தரும் நிகழ்ச்சி வரிசையும் முன்னரே நெஞ்சில் இருந்தமையால் உரையாடல் விளங்காமை பெருந்தடையாகவில்லை. இவ்விடத்தில் சுவைஞரே உரையாசிரியர் ஆகின்றார். பாட்டி பேரனுக்கு விளக்கும் அந்தக் கதை சோப்ராவின் கதை அன்று. அது கூத்திலும், 1957இல் இருமொழியிலும் வெளிவந்த 'மாயாபஜார்' போன்ற திரைப்படங்களிலும் திரண்ட கதையாகும்.

கதைசொல்லியும் முடிவும்

தொடரையும் கூத்தையும் கலைப்படைப்புகளாக ஒப்பிடுகையில் இரண்டு வேறுபாடுகள் முதன்மை பெறுகின்றன.

முதலாவது கதைசொல்லி. ராகி மாசூம் ரசா எழுதிய தொடரில் காலமே கதை சொல்கிறது. உருவமற்ற அக்குரல் மேலிருந்து பேசுகிறது. பொருளையும் நீதியையும் தானே வழங்கிவிடுகிறது. அதனிடம் எவரும் வினவ இயலாது. கூத்தில் அவ்விடத்தை வகிப்பவன் கட்டியங்காரன். அவன் அரசனையும் கேலி செய்வான். ஊர்ச்செய்தியைக் கதையினுள் நுழைப்பான். அவையினரின் சொல்லுக்கு மறுசொல் கூறுவான். காலத்தின் குரல் சுவைஞரைக் கேட்போர் ஆக்குகிறது. கட்டியங்காரனின் குரல் அவர்களைப் பேசுவோர் ஆக்குகிறது.

இரண்டாவது முடிவு. தொடர் அம்புப்படுக்கையில் வீடுமர் தருமருக்குக் கூறும் அறிவுரையோடும் அவரது மறைவோடும் நிறைவுறுகிறது. அஃதாவது, கதை அரசநீதியில் சென்று அடங்குகிறது. விழாவிலோ முடிவிடம் படுகளமாகும். மண்ணால் மிகப் பெரிதாகச் செய்யப்பட்ட துரியோதனன் உருவத்தைச் சுற்றிலும் அதன் மேலும் வீமனும் துரியோதனனும் போரிடுவர், தொடை பிளக்கப்படும், திரௌபதி கூந்தல் முடிப்பாள், காந்தாரியின் ஒப்பாரியும் அக்களத்திலேயே ஒலிக்கும். அதன்பின் தீமிதி. இங்குக் கதை அரசனிடம் முடியவில்லை. அவமதிக்கப்பட்ட பெண்ணின் சூள் நிறைவேறுவதிலும், தோற்ற பக்கத்துத் தாயின் அழுகையிலும் முடிகிறது. வில்லிபாரதமும் போரின் முடிவோடு அமைவது இங்கு இணைத்தெண்ணத்தக்கது.

தில்லியில் தொடரைக் கண்ட பெண்களிடம் பூர்ணிமா மங்கேகர் நிகழ்த்திய ஆய்வு, அவர்கள் துகிலுரிதல் காட்சியில் தம் சொந்த வாழ்வின் பாதுகாப்பின்மையையும் சினத்தையும் கண்டனர் எனக் காட்டுகிறது. தொடர் எங்கு முடிந்தபோதிலும் அப்பெண்கள் திரௌபதியிடமே நின்றனர் எனலாம். கூத்து அச்சினத்திற்குக் களம் தந்துள்ளது. தொலைக்காட்சியின் முன் அது வீட்டிற்குள்ளேயே தங்கிவிட்டது.

முடிவைத் தமதாக்கிக்கொள்ளும் உரிமையைத் தொலைக்காட்சிச் சுவைஞரும் கோரியதுண்டு. 1988இல் 'ராமாயண்' உத்தரகாண்டம் இன்றி முடிவதை எதிர்த்து ஜலந்தரின் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வால்மீகியைத் தம் முன்னோராகப் போற்றும் அவர்களுக்கு அவர் தோன்றும் பகுதி விடுபடுவது தாமே விடுபடுவதாயிற்று. பின்னர் 'லவ் குஷ்' தொடர் ஒளிபரப்பானது. 'ஸ்டார் டிரெக்' சுவைஞரின் கடிதங்களோடு ஒருங்குவைத்து எண்ணத்தக்க நிகழ்ச்சி இது.

பற்றின் மறுபக்கம்

சுவைஞர்ப் பற்றைப் போற்றுவதோடு நின்றுவிடுதல் திறனாய்வு ஆகாது. அப்பற்று பிறரால் அறுவடை செய்யப்படவும் கூடும். 'ராமாயண்' தொடரில் சீதையாக நடித்த தீபிகாவும் இராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் 1991இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கண்ணனாக நடித்த நிதீஷ் பரத்வாஜ் 1996இல் அவ்வாறே சென்றார். தொடருக்கும் அக்கால அரசியல் எழுச்சிக்கும் உள்ள தொடர்பை அரவிந்த் ராஜகோபால் 2001இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

விழாவும் குறையற்றது அன்று. யார் உபயம் செய்வது, யாருக்கு முதல் மரியாதை, தேர் எத்தெருவில் செல்வது என்பன சாதியால் வரையறுக்கப்பட்டு வந்துள்ளன. மரபான தெருக்கூத்தில் திரௌபதி வேடமும் நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாக இருந்தது. 2023 சூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியின் திரௌபதியம்மன் கோயில், பட்டியல் சாதியினரின் வழிபாட்டுரிமை குறித்த மோதலால் அதிகாரிகளால் பூட்டி முத்திரையிடப்பட்டு, பின்னர் நீதிமன்ற ஆணையின்பேரில் திறக்கப்பட்டது. ஊர் கூடும் களம் என்னும்போது அந்த ஊரில் எவர் அடங்குவர் என்னும் வினாவும் உடன் எழுதல் வேண்டும். கோயில் வாயிலில் நிறுத்தப்பட்டவருக்கு ஞாயிறு காலைத் தொலைக்காட்சி தடையின்றிக் கதையை வழங்கியிருத்தல் கூடும். இதனை மறந்து விழாவை மட்டும் உயர்த்துதல் நேர்மையாகாது.

2020இல் கண்ட பாடம்

2020 மார்ச்சு இறுதியில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது மார்ச்சு 28 முதல் 'ராமாயண்', 'மகாபாரத்' இரண்டும் மறுஒளிபரப்பாயின. அதே மாதங்கள் பாரத விழாக்களுக்குரிய காலமும் ஆகும். கூட்டம் கூடுதல் தடைப்பட்டமையால் கூத்துக்களங்கள் ஓய்ந்தன. தொடர் திரும்பி வந்த கோடையில் விழா நின்றுபோயிற்று. கதை வீடுதோறும் கிடைத்தது. ஆயின் தபசு மரத்தின் மேலிருந்து அருச்சுனன் வீசும் எலுமிச்சம்பழத்தைப் பிடிக்க ஈரத்துணியோடு காத்திருக்கும் பெண்ணுக்குத் திரையில் இடமில்லை. பகாசுரனுக்குச் சோறு கொண்டுசெல்லும் வண்டி தம் தெருவில் வரும்போது படி அரிசி இடுபவருக்கும் இடமில்லை. விழாப்பருவ வருவாயை நம்பிய கலைஞருக்கு அக்கோடையில் தொழிலும் இல்லாதாயிற்று. சுவைஞர் கதையை மட்டும் நாடுவதில்லை, கதையில் தமக்கொரு வேலையையும் நாடுகின்றார் என்பதை அக்கோடை புலப்படுத்தியது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. சுவைஞரின் பற்று என்பது அறிந்த கதைக்கு மீண்டும் மீண்டும் திரும்புதலாகும். அதனை மயக்கம் எனத் தள்ளுதல் பொருந்தாது. தொலைக்காட்சிப் பாரதத்தை எல்லைப்புற மக்கள் தம் கூத்துப் பயிற்சியின் வழியாகவே சுவைத்தனர் எனக் கொள்ள இடமுண்டு. மேலைநாட்டுச் சுவைஞர் மாநாடு கூட்டி உண்டாக்கிக்கொண்ட பங்கேற்பு இங்குத் திருவிழாவாக முன்பே வாய்த்திருந்தது. அப்பங்கேற்பு அனைவர்க்கும் உரியதாக ஆக்கப்படும்போதே அது முழுமை பெறும்.

தமிழ்த்துறைகள் கூத்தை ஆராயும்போது பெரும்பாலும் மாநில எல்லையோடு நின்றுவிடுகின்றன; தெலுங்குத்துறைகளும் அவ்வாறே. ஒரே கதையை இருமொழியில் கேட்டுச் சுவைக்கும் சித்தூர், பங்காருபாளையம், பலமனேர் வட்டார மக்கள் இரண்டிற்கும் இடையே விடுபட்டுப் போகின்றனர். பகலில் பிரசங்கமும் இரவில் நாடகமும் கேட்டு, ஞாயிறு காலையில் தொடரும் கண்ட தலைமுறை முதுமை எய்தியுள்ளது. அவர்தம் சுவையை அவர்தம் சொல்லிலேயே பதிவு செய்தல், இருமொழி ஆய்வாளரும் இணைந்து உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.